கோவிவன் என்னும் நாயும் சொந்தக்காரர் இல்லாத யானைகளும்

திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டுப் பகுதியில் எடுத்தனூர் என்றொரு ஊர். அங்கே கிடைத்த நடுகல் ஒன்றின் மீது தமிழ்க் கல்வெட்டு ஆய்வாளர்களுக்குத் தனிப் பிரியம் உண்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல் அது; 7-ஆம் நூற்றாண்டின் முற்பாதி. வாணகோ அரையரின் மருமகனான பொற்றொக்கையாரிடம் சேவகனாக இருந்தவன் கருந்தேவக்கத்தி. தன் எருமைகளுக்காக நடந்த சண்டையில் அவன் இறந்துபோனான். செய்தி இவ்வளவுதான் என்றால் செங்கம் வட்டாரத்துக் கற்களில் அதுவும் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். கல்லை எடுப்பித்தவர்கள் அதோடு விடவில்லை. வீரனோடு சேர்த்து ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் பொறித்தார்கள். கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று நாய்க்கென்றே தனி வாசகம்.

எஜமான் செத்த பிறகும் நின்று காத்ததா, அவனோடு சேர்ந்து செத்ததா என்பது வாசிக்கிறவரைப் பொறுத்தது. ஒன்று மட்டும் நிச்சயம். கள்ளர்களின் பெயர் கல்லில் இல்லை, எருமைகளின் எண்ணிக்கை இல்லை, நாயின் பெயர் இருக்கிறது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டான ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. மேலே ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, நெல்லிவாசல் என மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள்; சாமைக் கொல்லைகள்; ஆட்டுப் பட்டிகள். தெற்கே இறங்கினால் செங்கமும் தண்டராம்பட்டும். தமிழ்நாட்டில் நடுகற்கள் அடர்ந்து கிடக்கும் நிலம் இந்த அடிவாரமும் அதை ஒட்டிய தருமபுரிப் பகுதியும்தான். தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் இரா. நாகசாமியின் தலைமையில் இவற்றைத் தேடித் தொகுத்து, 'செங்கம் நடுகற்கள்' என்ற பெயரில் நூலாகவே வெளியிட்டது. பெரும்பாலும் வட்டெழுத்து, பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டுகள், வாணர், கங்கர் போன்ற குறுநிலத் தலைவர்களின் பெயர்கள். கல்லுக்குக் கல் திரும்பத் திரும்ப வருவது 'தொறு'. தொறு என்றால் மாட்டுக் கூட்டம். தொறு கொண்டபோது பட்டான், தொறு மீட்டுப் பட்டான். சாவுக்குக் காரணமாக இந்தக் கற்கள் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

வாகான நிலம் இது. மலை மேய்ச்சலுக்கும் உதவும், ஒளிந்துகொள்ளவும் உதவும். பல்லவர், கங்கர், வாணர் எல்லைகள் இங்கே உரசிக்கொண்டன. பொன்னைப் புதைத்து வைக்கலாம், நெல்லைக் குழியில் கொட்டி மூடலாம். மாட்டை எங்கே மறைப்பது? அது தன் காலாலேயே நடந்து வரும் செல்வம். திருடுகிறவனுக்குச் சுமை கூலிகூட மிச்சம். ஆகவே ஒரு தலைவனை அடிக்க வேண்டுமானால் முதலில் அவனுடைய மந்தையை அடித்தார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு கண்டெடுத்த தமிழ்பிராமி நடுகல், இந்த வழக்கம் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே வேரூன்றியிருந்ததைக் காட்டியது. கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்த ஒருவனுக்கு எடுத்த கல் அது.

போர்ப் பகுதியில் விலங்குகளை மீட்பது, பராமரிப்பது என்றதும் இன்று நம் கண்முன் வருவது பாக்தாத் அல்லது கார்கிவ் நகரத்து விலங்குக்காட்சிசாலைப் படங்கள். தமிழ் நிலத்தில் அது போரிலக்கணத்தின் முதல் பாடமாகவே இருந்திருக்கிறது. தொல்காப்பியம் புறத்திணைகளை, ஆநிரை கவரும் வெட்சியில் தொடங்குகிறது. படை கிளம்பும் ஓசை, நற்சொல் கேட்டல், ஒற்றரின் வேவு, ஊரை வளைத்தல், ஆகோள், துரத்தி வருபவரைத் தடுத்து நிறுத்துதல் என்று வரிசையாகப் போகும் துறைகளுக்கு நடுவில் 'நோயின்று உய்த்தல்' என்று ஒன்று. பிடித்த ஆநிரைக்கு நோவு வராமல் ஓட்டிக்கொண்டு போவது என்று பொருள். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை அதையே 'சுரத்துய்த்தல்' என்கிறது. பின்னால் அம்பு பறக்கிறது, ஊர் எரிகிறது, அந்த நேரத்தில் பசுவுக்குக் கால் நோகக் கூடாது என்று இலக்கணம் வகுத்திருக்கிறார்கள்.

இதைக் கருணை என்று எடுத்துக்கொண்டு மெய்சிலிர்க்கத் தேவையில்லை. இரவோடு இரவாகக் காட்டு வழியில் விரட்டிய சினைப்பசு கன்றை வீசிவிடும். குளம்பு பிளந்த எருது உழவுக்கு ஆகாது. நொண்டி மாட்டைப் பங்கு போட எவனும் வாங்க மாட்டான். அடுத்தடுத்த துறைகள் மந்தையை ஊர் மன்றத்தில் கொண்டுவந்து நிறுத்துவது, பங்கிடுவது, விருந்து, கொடை என்று போகின்றன. அந்த விருந்தில் தட்டுக்கு வந்தது என்ன என்பதை இலக்கியமும் மறைக்கவில்லை. பொருளைச் சேதமில்லாமல் கொண்டு சேர்க்கும் அக்கறைதான் அது. ஆனாலும் அந்த அக்கறையால் மாட்டின் முதுகில் விழும் அடி குறைந்திருக்கும். நோக்கம் எதுவாயினும் மாட்டுக்குக் கிடைத்தது லாபம்.

மீட்கப் போகிறவர்களுக்குக் கரந்தை. அதன் துறைகளில் வழியிடைச் செல்வதும், புண்ணோடு திரும்புவதும், களத்திலேயே விழுவதும் உண்டு. மாட்டைத் திருடியவனைவிட மீட்கப் போனவனுக்கே ஊர் அதிகம் கல் நட்டது. காரணம் எளிது. திருடியவன் வெளியூர் போய்ச் செத்தான், மீட்டவன் தன் ஊர் எல்லையில் செத்தான்.

மூன்றாவது ஒரு வழக்கமும் பதிவாகியிருக்கிறது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பற்றி நெட்டிமையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், அம்பு விடுவதற்கு முன்பு சிலரைப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடும்படி அறிவிக்கிறார்கள். பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் பிள்ளை இல்லாதோரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களோடு ஆக்களும் உண்டு. புலவர் அரசனைப் புகழ்ந்து பாடியது என்பதால் இதை நடைமுறைச் சட்டம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வெளியேற வேண்டியவர் வரிசையில் மாட்டைச் சேர்ப்பது பெருமைக்குரியது என்ற எண்ணமாவது அன்று இருந்தது.

இலக்கணமும் இலக்கியமும் பசுவைப் பற்றியே பேச, எடுத்தனூர்க் கல் எருமையைச் சொல்கிறது. புலவருக்கு எருமை அழகாகப் படவில்லையோ என்னவோ, அடிவாரத்துக் குடியானவனுக்கு அது உயிரை விடத் தக்க சொத்தாக இருந்தது. செங்கம் கற்களைப் பாடநூல் விளக்கமாக மட்டும் வாசிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்பது நல்லது.

கோவிவனின் கல் முற்றிலும் தனித்த ஒன்றல்ல. விழுப்புரம் பக்கத்தில் அரசலாபுரத்தில், ஏறக்குறைய 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல், முகையூர் மேற்சேரியின் சண்டைக் கோழி ஒன்றுக்காக எடுத்தது. இன்னும் வியப்பான கதை கர்நாடகத்தின் ஆதகூரில் இருக்கிறது. அதன் தொடக்கம் ஜவ்வாது மலைக்கு வடகிழக்கே, அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில். 949-இல் அங்கே நடந்த போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கூட்டாளியான கங்க மன்னன் பூதுகன், சோழ இளவரசன் ராஜாதித்தனை யானைமேல் வைத்தே கொன்றான். பூதுகனின் ஆள் மணலேரா அந்தப் போரில் காட்டிய வீரத்துக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டபோது, அவன் ஊரைக் கேட்கவில்லை, பொன்னைக் கேட்கவில்லை. 'காளி' என்ற வேட்டை நாயைக் கேட்டான். பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி காளியும் பன்றியும் ஒருசேரச் செத்தன. நாய்க்குக் கல் நட்டு, வழிபாட்டுக்கு நிலமும் விட்டார்கள். சோழப் பேரரசை ஒரு தலைமுறைக் காலம் முடக்கிப்போட்ட போரின் முக்கியமான ஆவணங்களில் ஒன்று ஒரு நாயின் நினைவுக்கல் என்பதை வரலாற்று ஆசிரியர்கள் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இந்த நாய்களுக்கும் கோழிக்கும் பொதுவான ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றும் யாரோ ஒருவருக்கு அல்லது ஒரு சேரிக்குச் சொந்தமானவை. ஓட்டிச் செல்லும் வழியில் செத்த மாடுகள், தீயில் மாட்டிய கன்றுகள், கொள்ளைக்காரர்கள் கூட்டி வந்த நாய்கள் எதற்கும் கல் இல்லை. போரில் ஒரு விலங்குக்குக் கிடைக்கும் கவனிப்பு அதற்கு யார் சொந்தக்காரர், அவருக்கு அது எதற்குப் பயன்படும் என்பதைப் பொறுத்தே அமைந்தது. இது பழங்காலத்துக்கு மட்டும் உரிய நிலை என்று நினைத்தால் 1942-ஆம் ஆண்டுச் சென்னைக்குப் போக வேண்டும். அந்த ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை வங்காள விரிகுடாவுக்குள் வந்துவிட்டது. கொழும்பும் திரிகோணமலையும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. சென்னை காலியாகிக்கொண்டிருந்தது. பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த விலங்குக்காட்சிசாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடும் என்ற பயத்தில், மலபார் ஸ்பெஷல் போலீசாரை வரவழைத்து அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். படையெடுப்பு வரவே இல்லை.

மறு ஆண்டு டோக்கியோவில் இதே முடிவு. உயேனோ விலங்குக்காட்சிசாலையின் மூன்று யானைகளைப் பட்டினி போட்டுக் கொன்றார்கள். போர் முடிந்து, யானை வேண்டும் என்று டோக்கியோ குழந்தைகள் கேட்க, 1949-இல் நேரு 'இந்திரா' என்ற யானையை அனுப்பிவைத்தார். அந்த நட்புக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். கொட்டில் ஏன் காலியாக இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு. லண்டனில் 1939 செப்டம்பரில் போர் அறிவித்த முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 4 லட்சம் வீட்டு நாய்களையும் பூனைகளையும் சொந்தக்காரர்களே கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் எழுதியிருக்கிறார். அப்போது ஒரு குண்டுகூட விழுந்திருக்கவில்லை. சொந்தக்காரர் இருப்பதும் முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது போலும்.

பாக்தாத் விலங்குக்காட்சிசாலையில் 2003-இல் நடந்தது வேறு வகை. அங்கே விலங்குகளை யாரும் முன்கூட்டியே கொல்லவில்லை, விட்டுவிட்டு ஓடினார்கள். தென்னாப்பிரிக்காவின் வனவிலங்குப் பாதுகாவலர் லாரன்ஸ் அந்தோணி அங்கே போய்ச் சேர்ந்தபோது, 650-க்கு மேல் இருந்த விலங்குகளில் 35 போல்தான் மிஞ்சியிருந்தன. மற்றவை குண்டுக்கும் பசிக்கும் தாகத்துக்கும் கொள்ளையருக்கும் போய்விட்டன. முதல் வேலை வைத்தியமே அல்ல, தண்ணீர். குழாய் இல்லை, மின்சாரம் இல்லை; வாளி வாளியாக மொண்டு ஊற்றினார்கள். 2017-இல் மொசூலில் ஒரு கரடியையும் ஒரு சிங்கத்தையும் மீட்ட 'ஃபோர் பாஸ்' என்ற விலங்குநல அமைப்பு, சோதனைச் சாவடிகளிலேயே நாட்களைத் தொலைத்தது. கூண்டுக் கதவைத் திறப்பது ஒரு நாள் வேலை. தண்ணீர், தீனி, அனுமதிக் கடிதம், லாரி, பிறகு வாழ்நாள் முழுவதற்கும் ஓர் இடம் என்று மீதி எல்லாம் ஆண்டுக் கணக்கில் இழுக்கும்.

ஈழத்தில் இந்தக் கணக்கு இன்னும் கசப்பானது. வன்னி நெல்லும் மாடும் சேர்ந்த பூமி. 2009-இல் சனங்கள் ஊர் ஊராகப் பெயர்ந்து முள்ளிவாய்க்கால் நோக்கி ஒடுங்கியபோது, பட்டி மாடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் நடந்தார்கள். மனிதருக்கே பதுங்குகுழி போதாத இடத்தில் மாட்டை மீட்பது பற்றிப் பேச முடியுமா என்று கேட்பது நியாயமே. ஆனால் திரும்பி வந்தவனுக்கு வாழ்க்கையைத் தொடங்க அந்த மாடுதான் வேண்டியிருந்தது. கண்ணிவெடிக்கு ஊரும் காடும் ஒன்றே. பின்னவல யானைகள் சரணாலயத்தில் வாழ்ந்த சாமா என்ற யானை, குட்டியாக இருந்தபோது கண்ணிவெடியில் முன்காலை இழந்தது. தாய்லாந்தில் மோத்தலா என்ற யானை 1999-இல் மியான்மர் எல்லையோரம் வெடியை மிதித்தது. லம்பாங்கில் உள்ள யானை மருத்துவமனை அதற்கு 2009-இல் நிரந்தரச் செயற்கைக்கால் பொருத்தியது. இடையில் பல ஆண்டுகள் மூன்று காலில் நின்றிருக்கிறது. டன் கணக்கில் எடையுள்ள ஒரு விலங்குக்கு இது என்ன பாடு என்று விளக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977-இல் சேர்ந்த முதல் கூடுதல் நெறிமுறையின் 54-ஆம் பிரிவு, பொதுமக்கள் உயிர்வாழ இன்றியமையாத பொருட்களைத் தாக்கக் கூடாது என்கிறது. உணவு, விளைநிலம், குடிநீர் அமைப்புகள் என்று போகும் பட்டியலில் கால்நடையும் இருக்கிறது. வெட்சிக்கு நேர் எதிரான தடை இது. மாட்டை அடித்து எதிரியைப் பணிய வைப்பது இப்போது குற்றம். ஆனால் மாடு அங்கே இடம்பெற்றது மனிதனின் சோறு என்ற வகையில்தான். சொந்தக்காரர் இல்லாத விலங்குக்கு அதிகபட்சம் 'இயற்கைச் சூழல்' என்ற பொதுப் பிரிவு. இந்தியா இந்த நெறிமுறையில் இன்னும் சேரவில்லை.

படையோடு போகும் விலங்குகளின் நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2022 அக்டோபரில் காஷ்மீரின் அனந்தநாக்கில் நடந்த மோதலில் 'ஜூம்' என்ற ராணுவ நாய் இரண்டு குண்டுகளை வாங்கியும் வேலையை விடவில்லை. ஸ்ரீநகர் ராணுவக் கால்நடை மருத்துவமனையில் சில நாள் போராடி இறந்தது. 2023 செப்டம்பரில் ரஜௌரியில் 'கென்ட்' என்ற லாப்ரடார் தன்னை நடத்திச் சென்ற வீரரைக் காத்து உயிரைவிட்டது. இரண்டுக்கும் ராணுவ மரியாதை கிடைத்தது. கோவிவனுக்குக் கல் எடுத்தவர்களுக்கு இது புதிதாகப் படாது. சங்கடமான மறுபக்கமும் உண்டு. ஓய்வுபெறும் நாய்கள் பலவற்றைப் படையே கருணைக்கொலை செய்து வந்தது 2015 வாக்கில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்ட பிறகே பொதுவில் பேச்சானது. அதன் பிறகுதான் மாற்று ஏற்பாடு பற்றிய யோசனை வந்தது. இதற்கும் பழைய முன்மாதிரி இருக்கிறது. முதல் உலகப் போரில் உழைத்த குதிரைகள் 1930-இல் கெய்ரோ தெருக்களில் எலும்பும் தோலுமாக வண்டியிழுப்பதைப் பார்த்த டோரதி புரூக், லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டி, அவற்றை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கினார். 1934-இல் அங்கே அவர் தொடங்கிய குதிரை மருத்துவமனையின் வழிவந்த அமைப்பு இன்று இந்தியாவின் செங்கல் சூளைகளில் உழைக்கும் கழுதைகளையும் கவனிக்கிறது.

ஜவ்வாது அடிவாரத்தில் இன்று தொறு கொள்ள யாரும் வருவதில்லை. சண்டை வேறு வடிவத்தில் இருக்கிறது. 1980-களில் ஓசூர்ப் பக்கத்து யானைகள் கிழக்கே நகர்ந்து ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் வரை போயின. அவற்றுக்காகவே அங்கே 1990-இல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. அப்படி அலைந்தவற்றில் ஆறு யானைகள் திருவண்ணாமலைப் பகுதியில் தங்கிவிட்டன. கரும்பும் நெல்லும் பறிபோயின, ஆட்கள் இறந்தார்கள். 2013 ஆகஸ்டில் வனத்துறை 'ஆபரேஷன் மலை' என்று பெயரிட்டு, கும்கிகளை லாரியில் கொண்டுவந்து ஆறையும் பிடித்தது.

காட்டு யானையைப் பிடிப்பது தொலைக்காட்சியில் பார்க்கிற அளவுக்கு எளிதல்ல. மருந்தூசி பட்டதும் யானை விழாது, விழவும் கூடாது. மயக்கத்தில் படுத்துவிட்டால் தன் எடையே மூச்சை அழுத்திக் கொன்றுவிடலாம். நின்றபடியே மயங்கும் அளவுக்கு மருந்தைக் கணிக்க, தூரத்திலிருந்து பார்த்தே எடையை ஊகிக்க வேண்டும். பின்னங்கால்களில் வடம், இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து நிற்கும் கும்கிகள், வெயில் ஏறினால் உடம்பெல்லாம் தண்ணீர். லாரியின் தளமும் தரையும் ஒரே மட்டமாக இருக்கும்படி பள்ளம் தோண்டி வண்டியைப் பின்னோக்கி இறக்குவார்கள். பிறகு முகாமில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய கரால். மாவுத்தனும் அவருக்கு உதவியாளரான காவடியும் வெளியே நின்று கரும்பு நீட்டி நீட்டி, மாதக் கணக்கில் பேசிப் பேசிப் பழக்குவார்கள். திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இதை 'மீட்பு' என்று எழுதிய செய்திகளைத் திரும்பப் படித்தால், மீண்டது யார் என்ற கேள்வி எழுகிறது. உழவர் மீண்டார், நியாயமாகவே. யானைகள் ஆனைமலையிலும் முதுமலையிலும் முகாம் வாழ்க்கைக்குப் போய்ச் சேர்ந்தன. ஆகோள் என்ற பழைய துறை இதற்கு அதிகம் பொருந்துகிறது. நோயின்றி உய்த்தார்கள் என்பதும் உண்மை.

2024 ஜூனில் திருப்பத்தூர் நகரத்துக்குள்ளேயே ஒரு சிறுத்தை வந்தது. பள்ளி வளாகத்தில் ஒருவரைக் காயப்படுத்திவிட்டு, பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் போய்ப் பதுங்கியது. உள்ளே இருந்தவர்கள் கார்களுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவந்து, மயக்க ஊசி போட்டுப் பிடிக்க விடியப்போகும் நேரம் ஆகிவிட்டது. இத்தகைய வேலைகளில் சிறுத்தையைவிடக் கூட்டமே பெரிய தொல்லை. ஆளுக்கொரு செல்போனோடு சுவரேறி நிற்பார்கள். சத்தத்தில் மிரண்ட விலங்குக்கு மயக்கம் ஏற நேரமாகும்; மருந்து கூடினால் உயிருக்கே ஆபத்து.

மீட்புக்குப் பிறகான கவனிப்பு எவ்வளவு கடினம் என்பதைப் பக்கத்துத் தருமபுரி 2023 மார்ச் மாதத்தில் காட்டியது. மாரண்டஅள்ளி அருகே ஒரு நிலத்தில், காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சியிருந்த கம்பியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட இருந்த இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்தன. அதே மாதம் பென்னாகரம் பக்கம் கிணற்றில் விழுந்த ஒரு குட்டியைத் தூக்கி எடுத்தார்கள். தாய்க் கூட்டத்தோடு சேர்க்க முடியாமல், முதுமலை தெப்பக்காட்டு யானை முகாமில் பராமரிப்பாளர் பொம்மனிடம் ஒப்படைத்தார்கள். அவரும் அவர் மனைவி பெள்ளியும் வளர்த்த யானைக்குட்டிகளைப் பற்றிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் அப்போதுதான் ஆஸ்கர் வாங்கியிருந்தது. நாட்டில் அவர்களைவிடத் தேர்ந்த கைகள் கிடைப்பது அரிது. குட்டி அந்த மாத இறுதியிலேயே இறந்துவிட்டது. வயிற்றுப்போக்கு. தாய்ப்பாலுக்குப் பதில் கொடுக்கும் பால்மாவை யானைக்குட்டியின் குடல் ஏற்பது அவ்வளவு எளிதல்ல. நேரம் தவறாமல் கலக்க வேண்டும், சூடு மாறக் கூடாது, இரவில் ஆள் கூடவே படுக்க வேண்டும். எல்லாம் செய்தாலும் கைவிட்டுப் போகும்.

செங்கம், தருமபுரிப் பக்கங்களில் நடுகற்கள் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். பொங்கல் வைக்கிறார்கள். அதே ஊர்களின் கொல்லைகளில் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகள் வாய் திறந்து கிடக்கின்றன. பன்றிக்கென்று இரவில் கம்பியில் மின்சாரம் விடுவதும் நிற்கவில்லை. இரண்டையும் சரிசெய்ய மயக்க ஊசியோ கும்கியோ தேவையில்லை. கிணற்றுக்கு இடுப்பளவு சுவர் கட்ட ஊராட்சி உதவ வேண்டும். காட்டுப்பன்றி தின்ற பயிருக்கும் சிறுத்தை அடித்த ஆட்டுக்கும் இழப்பீட்டை உழவர் அலையாமல் வனத்துறை கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்துவிட்டுத்தான் கம்பியைக் கழற்றச் சொல்ல முடியும். வீதியில் சிறுத்தை வந்தால் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தி, பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடும் மருத்துவருக்கு அந்த இரவில் நீங்கள் செய்யக்கூடிய உதவி அதுதான்.